முப்பத்திநாலு மார்க் வாங்கிய மழை

எங்கள் ஊரிலிருந்து வடக்கனந்தலுக்குப் போகும் தார்ச்சாலை ஐப்பசிக் கடைசியில் போக்குவரத்துக்கு உரியதன்று. அதன் ஒரு பாதியில் மக்காச்சோளம் காயும். மறு பாதியில் பேருந்து, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் ஊர்ந்து போகும். யாருடைய சோளம் எதுவரை என்பதைக் காட்டச் சோளத்துக்கு நடுவே ஒரு வரிசைக் கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல்லை நகர்த்துவது வயலில் வரப்பை வெட்டுவதற்குச் சமமான குற்றம்.

எங்கள் சோளத்துக்கு அடுத்தது பெரியப்பாவின் சோளம். அவர் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நிலமும் அடுத்தடுத்து, வீடும் அடுத்தடுத்து. இரு வீட்டுக்கும் பொதுவாகப் பெரிய தார்ப்பாய் ஒன்று உண்டு. சேர்ந்து வாங்கியதாகையால், யாருக்குத் தேவையோ அவரிடம் அது இல்லாத நாள்களே மிகுதி.

பள்ளி இறுதித் தேர்வையும் இருவரும் கள்ளக்குறிச்சியில் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். கணக்கில் பெரியப்பா முப்பத்தைந்து, அப்பா முப்பத்திநான்கு. முப்பத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி. அதன்பின் தேறியவரும் தேறாதவரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டி, ஒரே கடையில் விதை வாங்கி, அருகருகே விதைத்து, ஒரே லாரியில் ஏற்றினார்கள். ஆயினும் எந்தக் காதுகுத்திலும் கருமாதியிலும், "ஒரு மார்க்குன்னாலும் மார்க்குதான்டா" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லாமல் பெரியப்பா இலையை மடித்ததில்லை. அப்பா அதற்குப் பதில் சொன்னதும் இல்லை.

நான் அப்போது முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். எதையும் முடிவாகச் சொல்லாமல் இருப்பதற்கு அந்தப் படிப்பில் நல்ல பயிற்சி கிடைக்கும். 'எனலாம்', 'எனக் கருத இடமுண்டு' என்பவை இல்லாமல் எங்கள் விடைத்தாள்களில் ஒரு பத்தியும் முடியாது. இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவளான எனக்கு அது வசதியாகவே இருந்தது. ஆகவே, மழை பெய்யும் வாய்ப்பை நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் கண்டபோது, தூரத்து உறவினரை எதிர்பாராமல் சந்தித்த மகிழ்ச்சி உண்டாயிற்று. நாங்கள் 'எனலாம்' என்று எழுதுவதை அது எண்ணால் எழுதியிருந்தது.

அதுவரை எங்கள் தெருவில் மழை சொல்பவர்கள் இருவர். அப்பா மதியச் சாப்பாடு முடிந்ததும் மேற்கே கல்வராயன் மலையைப் பார்ப்பார். மலை கிட்டத்தில் தெரிந்தால் மழை, தள்ளித் தெரிந்தால் இல்லை. பெரியப்பா எதையும் பார்க்க மாட்டார். சொல்லிவிடுவார், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு மழை விட்டுவிட்டுப் பெய்து சோளத்தைக் காயவிடாமல் படுத்தியது. ஈரச் சோளத்தை மூடி வைத்தால் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். திறந்துபோட்டு மழை பெய்தால் முளை கட்டிவிடும். வியாபாரி ஈரம் பார்க்கும் கருவியோடுதான் வருவார். அதில் அவருக்குப் பிடிக்காத எண் தெரிந்தால் லாரி வெறுமையாகத் திரும்பும். முன்பு வைத்த மரவள்ளி வேரழுகிப் போயிருந்தது. எனவே சாலையில் கிடந்த அந்தச் சோளம்தான் எங்களுக்கு அந்த வருடம்.

பால் ஊற்றப் போயிருந்தபோது சொசைட்டி வாசலில் பெரியப்பா கேட்டார்.

"இன்னா பாப்பா, போனு இன்னா சொல்லுது? மழ வருமா?"

"நாப்பது சதவீதம் பெரிப்பா."

"நாப்பதா?" ஒரு நொடி யோசித்தார். "அப்ப பாஸு. டேய், பாயை எடுத்தாங்கடா!"

நான் திடுக்கிட்டேன். என் வாழ்க்கையில் நான் சொல்லி எவரும் எதையும் எடுத்துவர ஓடியதில்லை. ஓடுவதற்குள் விளக்கிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அப்டி இல்ல பெரிப்பா. இந்த மாதிரி பத்து நாளு இருந்துச்சின்னா, நாலு நாளு பெய்யும், ஆறு நாளு பெய்யாது."

"செரி. இன்னிக்கி அந்த நாலுல ஒன்னா, ஆறுல ஒன்னா?"

"அது தெரியாது."

"அத்ததான கேட்டேன்?"

இதைவிடக் கூர்மையான மறுப்பை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. அன்று மாலை மழை பெய்தும்விட்டது. அதோடு சட்டம் நிலைபெற்றது: முப்பத்தைந்தோ அதற்கு மேலோ வந்தால் மழை தேர்ச்சி, கீழே போனால் தோல்வி. பால் சொசைட்டிச் செயலாளர் கரும்பலகையில் கொழுப்புச் சத்துக்குப் பக்கத்திலேயே மழையின் எண்ணையும் தினந்தோறும் எழுதலானார். முப்பத்தைந்துக்குக் குறைந்தால் மதிப்பெண் பட்டியலில் போடுவதுபோல் சிவப்புச் சாக்கட்டியால் அடிக்கோடு இழுப்பார். சிவப்பைப் பார்த்ததும் தெருவே கால் நீட்டிப் படுக்கும்.

ஒருநாள் சரியாக முப்பத்தைந்து வந்தது. பெய்யுமா என்று சிலர் சந்தேகப்பட்டபோது பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பத்தஞ்சு வாங்கனவன லேசா நெனைக்காதீங்க" என்றார். இன்னொரு நாள் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே எண் தொண்ணூற்றாறில் நின்றது. "கண்ணு முன்னாடி ஊத்திக்கினு இருக்குது, அப்பவும் நூறு போட மனசு வரல பாரு. தமிழ் பேப்பர் திருத்தறவன் மாதிரி" என்று செயலாளர் என்னைப் பார்த்தார். எங்கள் துறையின் சார்பில் நான் தலைகுனிந்தேன்.

செயலியில் எவ்வளவு மழை என்பதற்கும் ஒரு வீச்சு இருக்கும். இரண்டிலிருந்து முப்பது மில்லிமீட்டர் என்று ஒருநாள் அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்க, 'வூட்டுக்குப் போயி சொல்லி அனுப்பறோம்'னு சொல்வாங்களே, அந்த மாதிரி இருக்குது" என்றார் அம்மா. சொல்லிவிட்டு முப்பதை எடுத்துக்கொண்டு விறகை உள்ளே அடுக்கினார். அப்பா இரண்டை எடுத்துக்கொண்டு வெளியே கட்டிலில் படுத்தார். ஒரே வரியைக் கேட்ட இருவரும் தத்தம் சுபாவத்துக்கு ஏற்றதைப் பொறுக்கிக்கொண்டார்கள்.

எனக்கு ஓர் ஆசை எழுந்தது. எண்ணை நான் சொல்லும் முன், மழை சொல்பவர்கள் இருவரும் தங்கள் எண்ணைச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டேன். பெரியப்பா தயங்கவேயில்லை. "நூறு" என்றார். மறுநாளும் நூறு. வரும் என்றாலும் நூறு, வராது என்றாலும் நூறு. தவறிப்போனால், "நான் நம்ப ஊருக்கா சொன்னேன்? டேமுக்குச் சொன்னேன். போயிக் கேட்டுப் பாரு" என்பார். கோமுகி அணைவரை போய்க் கேட்டுவர யாருக்கு நேரம்?

அப்பாவின் நிலை வேறு. முதல்நாள் மலையைப் பார்த்துத் தொண்ணூறு என்றார். பெய்யவில்லை. அடுத்தது எழுபது. நான் செயலியைத் திறந்து இருபது என்றேன். அப்பா திரும்பவும் மலையைப் பார்த்தார். "ஆமா, கொஞ்சம் தள்ளிப் போன மாதிரிதான் இருக்குது" என்றார். கல்வராயன் மலை என் கைப்பேசிக்குக் கட்டுப்பட்டு நகர்ந்ததை அன்றுதான் கண்டேன். பிறகு அறுபது. பிறகு ஐம்பது. அங்கேயே நின்றுவிட்டார்.

"அம்பதுன்னா தெரியலன்னு அர்த்தம். அத்த நேரா சொல்லிட்டுப் போங்களேன்" என்றார் அம்மா.

"தெரியலன்னா எப்பிடி? அம்பது தெரியுதுல்ல?" என்றார் அப்பா.

ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. முன்பெல்லாம் மதியத்தில் எங்கள் வாசலுக்கு வந்து "மல எப்பிடி இருக்குது?" என்று கேட்பவர்கள், பெரியப்பா வீட்டுப் பக்கம் போகத் தொடங்கினார்கள். எண்ணிப் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தவறினார்கள். ஒருவர் தவற இடமுண்டு என்று முன்கூட்டியே சொன்னார், மற்றவர் சொல்லவில்லை. ஊர் சொல்லாதவரை நம்பிற்று. அப்பா மலையைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார். சாப்பிட்டதும் மேற்கே திரும்பும் தலை, பாதி வழியில் நின்று என் கைப்பேசியின் பக்கம் வந்தது.

ஒருவழியாக நாலைந்து நாள் வெயில் அடித்துச் சோளம் காய்ந்தது. மறுநாள் காலை லாரி வருவதாக வியாபாரி சொல்லியனுப்பினார். அந்த ஒரு நாளை மட்டும் கடத்திவிட்டால் போதும்.

அன்று காலை எண் முப்பது. செயலாளர் சிவப்புக் கோடு இழுத்தார். நைனார்பாளையத்தில் பெரியம்மா வழி உறவில் ஒரு காதுகுத்து. போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பெரியப்பா பலகையைப் பார்த்ததும் வெள்ளை வேட்டி கட்டிவிட்டார்.

"முப்பதுன்னா நல்லா பெயிலு. இன்னிக்கி வராது, நூறு" என்று அறிவித்துவிட்டு, தெருவில் பாதிப்பேரோடு குட்டி யானை என்னும் சரக்கு வண்டியின் பின்புறத்தில் ஏறி நின்றார். "பாயி கொட்டாயிலதான் இருக்குது. பாத்துக்கடா" என்று போகிறபோக்கில் அப்பாவிடம் சொன்னார்.

மதியம் தாண்டி நானும் அப்பாவும் பால் கேனோடு சொசைட்டிக்குப் போனோம். செயலாளர் வழக்கம்போல் கேட்டார். நான் கைப்பேசியைத் திறந்தேன். எண் மாறியிருந்தது.

"முப்பத்திநாலு" என்றேன்.

"பார்றா, ரீவேல்யூவேஷன்ல நாலு மார்க்கு ஏறியிருக்குது!" என்று காலை எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதினார். பிறகு சிவப்புச் சாக்கட்டியை எடுத்தார்.

"நில்லு" என்றார் அப்பா. "செவப்பு போடாத."

"இன்னாங்க?"

"ஒரு மார்க்குக்குப் போயி செவப்பு போடுவியா? ஒன்னு போட்டுத் தூக்கி வுட மாட்டாங்களா?"

"உங்குளுக்குத் தூக்கி வுட்டாங்களா?"

கேட்டுவிட்டுச் செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா திரும்பி மலையைப் பார்த்தார். அது கிட்டத்திலும் இல்லை, தள்ளியும் இல்லை. வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. சாலை நெடுகச் சோளம் மஞ்சளாய் மின்னியது.

"எனுக்கு அம்பதுதான் வருது" என்று முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மார்க்கு வேணாம் பாப்பா. நீ இன்னா சொல்ற?"

வாய்மொழித் தேர்விலும் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அங்கே அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். 'மூடலாம் எனக் கருத இடமுண்டு' என்ற வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன்.

"மூடிருங்கப்பா."

"வரும்னு சொல்றியா?"

"வரும்னு சொல்லல. வராம போறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா வந்துட்டா நாளைக்கி லாரி சும்மா திரும்பும். காஞ்ச சோளம், ஒரு பொழுது மூடுனா ஒன்னும் ஆவாது. வரலன்னா நமக்குத் தோள்பட்டை வலி, அவ்ளோதான். முப்பத்திநாலு மழைக்கு பெயிலா இருக்கட்டும். சோளத்துக்கு அது ஜாஸ்தி."

செயலாளர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது இவ்ளோ பேசுமா?" என்று அப்பாவிடம் கேட்டார். சிவப்புச் சாக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டித் தள்ள எங்களுடன் கிளம்பினார்.

சாலைக்குப் போனபிறகுதான் சிக்கல் தெரிந்தது. தார்ப்பாய் ஒன்று, சோளம் இரண்டு. தனித்தனியாகக் குவித்தால் ஒன்றைத்தான் மூட முடியும். எங்களுடையதை மட்டும் மூடிவிட்டுப் பெரியப்பாவுடையதைத் திறந்துபோட்டால் அந்தப் பேச்சு மூன்று தலைமுறைக்கு ஓடும். அவருடையதை மூடி எங்களுடையதை விட அப்பாவுக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது. ஒன்றாகச் சேர்த்துக் குவித்தால் பாய் போதும். ஆனால் நடுவே அந்தக் கல் வரிசை.

அப்பா கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றார். செயலாளர் அந்தப் பக்கம் நின்றார். கல்லைத் தொட இருவருக்கும் கை வரவில்லை. தலைத்துணியை இறுக்கிக்கொண்டு வந்த அம்மா, "சோளத்துக்குக் கல்லு காவலா, கல்லுக்கு நீங்க காவலா?" என்று கேட்டு, காலாலேயே ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளினார். பலகையால் இழுத்தும் முறத்தால் அள்ளியும் ஒரே குவியலாக்கினோம். பாயைப் போர்த்தி, சற்றுமுன் எல்லையாக இருந்த அதே கற்களை அதன் விளிம்பில் பாரமாக வைத்தோம்.

வெயில் குறையவேயில்லை. வடக்கனந்தலிலிருந்து வந்த பேருந்து, பல நாள்களுக்குப் பின் முழுச் சாலையும் கிடைத்ததில் குழம்பி, எங்கள் அருகே நின்றேவிட்டது. நடத்துநர் தலையை நீட்டினார்.

"இன்னாத்துக்குங்க மூடி வெச்சிருக்கீங்க? குளுருதா அதுக்கு?"

பேருந்தே சிரித்தது. மூடச் சொன்ன என் பக்கம் திரும்பிவிடாமல் அப்பா கவனமாக இருந்தார், அது எனக்குப் புரிந்தது. நாங்கள் சாலையோரத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தோம். சோளம் நனையக் கூடாது என்றுதான் மூடினோம். மூடி முடித்த நேரத்திலிருந்து, மூடியது வீணாகிவிடக் கூடாதே என்று மழையை எதிர்பார்த்தோம். எங்கிருந்தோ சிறு மேகம் ஒன்று வந்தபோது அம்மா, "வா, வா" என்று அழைத்தேவிட்டார். அது மரியாதையாக மலைப்பக்கம் போயிற்று.

இருட்டுவதற்குச் சற்றுமுன் குட்டி யானை திரும்பிவந்தது. நிற்பதற்குள் பெரியப்பா குதித்தார். வெள்ளை வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையிலிருந்த தாம்பூலப் பை கரைந்து வெற்றிலை வெளியே தொங்கியது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஆற்றில் முக்கி எடுத்தவர்கள் போலிருந்தார்கள். நைனார்பாளையத்தில் பந்தியில் உட்காரும்போது பிடித்த மழை, இலையில் சாம்பாரோடு போட்டியிட்டுப் பெய்திருக்கிறது.

பெரியப்பா தம் சோளம் கிடந்த இடத்துக்கு ஓடினார். அங்கே வெறும் தார்ச்சாலை.

"ஐயோ, அடிச்சிக்கினு போயிடுச்சே!" என்று தலையில் கைவைத்தார். பிறகு குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். சாலை சுடச்சுடக் காய்ந்திருந்தது. "மழையே பெய்யலியேடா இங்க? எங்கடா என் சோளம்?"

"உள்ள இருக்குதுண்ணா" என்றார் அப்பா.

"இதுல என்னுது எது?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"மேல் பாதியா கீழ் பாதியான்னு காலைல பாத்துக்கலாம் மாமா. மொதல்ல தலைய துவட்டுங்க" என்று அம்மா துண்டை நீட்டினார்.

துவட்டிக்கொண்டே பெரியப்பா நிலைமையை ஆராய்ந்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "நான் இன்னா சொன்னேன்? இன்னிக்கி வராதுன்னேன். நம்ப ஊர்ல வந்துச்சா? சொட்டு வுழல. நூத்துக்கு நூறு!" என்று நனைந்த மார்பைத் தட்டினார். தண்ணீர் தெறித்தது.

அவர் சொன்னது முற்றிலும் சரி. எங்கள் ஊரில் அன்று நனைந்த பொருள், சரியாகச் சொன்ன அவரும் அவரோடு போனவர்களும்தான். தவறாக மூடிய நாங்கள் காய்ந்து கிடந்தோம்.

"மழ பாஸுதாங்க" என்றார் செயலாளர். "சென்டர்தான் வேற. நைனார்பாளையத்துல எழுதியிருக்குது."

அப்பா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

மறுநாள் காலை வியாபாரி குவியலில் மூன்று இடங்களில் கருவியை வைத்துப் பார்த்தார். மூன்று விதமான எண்கள் வந்தன. எது சரி என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அவர் மூன்றில் பெரியதைப் பிடித்துக்கொண்டு, சிறிது நேரம் உதட்டைப் பிதுக்கி, "செரி, ஏத்துங்க" என்றார். அம்மா மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கலந்த சோளத்தை எப்படிப் பிரிப்பது என்ற வழக்கை, ஒரு மூட்டை உனக்கு, ஒரு மூட்டை எனக்கு என்று மாற்றி மாற்றி ஏற்றித் தீர்த்தார்கள். தம் பங்கில் வந்ததெல்லாம் எங்கள் சோளம் என்று பெரியப்பா கடைசிவரை நம்பினார். அதை அப்பா மறுக்கவில்லை.

லாரி போனபின் இருவரும் தார்ப்பாயின் இரு முனைகளைப் பிடித்து உதறி மடித்தார்கள். பின்னால் பால் சொசைட்டிப் பலகையில் முப்பத்திநான்கு இன்னும் அழியாமல் இருந்தது, அடிக்கோடு இல்லாமல். நான் கைப்பேசியை எடுத்தேன். சாலையில் காய இனி எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் பழக்கம்.

"நான் சொல்றதுக்கு முன்ன நீங்க சொல்லுங்க" என்றேன்.

அப்பா மலையைப் பார்த்தார். சாவகாசமாக, முழுத் தலையையும் திருப்பிப் பார்த்தார்.

"எனுக்கு இருவது" என்றார். "தப்பாவும் இருக்கலாம்."

பெரியப்பா எதையும் பார்க்கவில்லை. "நூறு" என்றார்.

"வரும்னா பெரிப்பா, வராதுன்னா?"

மடித்த தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தம் வீட்டை நோக்கி நடந்தார்.

"அத்த சாயந்தரமா சொல்றேன்."